பொய்க் கருத்துகளின் தடம் எங்கே முடிகிறது?

தேர்தல் நாளில் வாக்குச்சாவடிக்குச் சென்ற ஒருவர், தம் வாக்கை வேறு யாரோ முன்பே போட்டுவிட்டதை அறிந்து திகைத்து நிற்கும் காட்சி நமக்குப் புதிதன்று. இறந்தவர்கள் வாக்களித்த கதைகளையும் கேட்டிருக்கிறோம். ஆனால், இறந்தவர்களின் பெயரால் ஓர் அரசு ஆணையத்துக்குக் கருத்துக் கடிதங்கள் குவிந்த நிகழ்வு 2017-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அரங்கேறியது. 'கள்ள ஓட்டு' என்ற சொல்லை நன்கறிந்த நாம், 'கள்ளக் கருத்து' என்ற சொல்லையும் இனிப் பழகிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இணையச் சேவை நிறுவனங்கள் தங்கள் இணைப்பின் வழியே செல்லும் எல்லாத் தகவல்களையும் சமமாக நடத்த வேண்டும். பணம் கொடுத்தவருக்கு விரைவு வழி, கொடுக்காதவருக்கு நெரிசல் வழி என்று பாகுபாடு காட்டக் கூடாது என்பது 'இணையச் சமநிலை' எனப்படும் கோட்பாடு. அதிபர் ஒபாமாவின் காலத்தில், 2015-இல், இதனை விதியாக்கியது அமெரிக்காவின் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம். ஆட்சி மாறிய பின்னர், புதிய தலைவர் அஜித் பாயின் பொறுப்பில் அதே ஆணையம் அந்த விதியை நீக்க முற்பட்டது. அந்நாட்டின் 1946-ஆம் ஆண்டு நிர்வாக நடைமுறைச் சட்டப்படி, இத்தகைய விதியை உருவாக்குவதற்கு முன்னும் நீக்குவதற்கு முன்னும் பொதுமக்களின் கருத்தைக் கேட்டாக வேண்டும். ஆணையம் கேட்டது. 2.2 கோடிக்கும் அதிகமான கருத்துகள் வந்து குவிந்தன.

ஜனநாயகத்தில் இத்தனை ஆர்வமா என்று வியந்தவர்களின் வியப்பு நெடுநாள் நீடிக்கவில்லை. தாங்கள் எழுதாத கருத்துகள் தங்கள் பெயரிலும் முகவரியிலும் பதிவாகியிருப்பதாகப் பலர் புகார் கூறினர். காலமான தாய், தந்தையரின் பெயர்களைப் பட்டியலில் கண்டு பிள்ளைகள் அதிர்ந்தனர். அமெரிக்க செனட் உறுப்பினர்கள் இருவரின் பெயர்களும் அதில் இருந்தன. ஒருவர் ஜனநாயகக் கட்சியின் ஜெஃப் மெர்க்லி. மற்றவர் குடியரசுக் கட்சியின் பாட் டூமி. எதிரெதிர்க் கட்சியினரான இருவரும் கூட்டாகக் கடிதம் எழுதி, தங்கள் அடையாளம் திருடப்பட்டது எவ்வாறு என விசாரிக்குமாறு ஆணையத்தைக் கேட்டுக்கொள்ளும் நிலை ஏற்பட்டது.

இந்தக் கருத்துகளின் தடத்தைப் பின்தொடர்ந்து சென்றவர்கள் எங்கே போய் நின்றார்கள் என்பது, இணையத்தில் பெருகிவரும் நச்சுக் கருத்துகளை எப்படி எதிர்கொள்வது என யோசிக்கும் எந்த நாட்டுக்கும் பாடமாக அமையக்கூடியது.

ஒரே பிழை, பல விடைத்தாள்கள்

கல்லூரி ஆசிரியராகப் பல்லாண்டுகள் விடைத்தாள் திருத்தியவன் என்ற முறையில் எனக்கு ஓர் அனுபவம் உண்டு. இருவர் ஒரே மாதிரிச் சரியாக எழுதியிருந்தால் அதில் ஐயப்பட ஒன்றுமில்லை. இருவரும் ஒரே இடத்தில், ஒரே விதமாகத் தவறியிருந்தால்தான் சிவப்பு மையின் வேகம் குறையும். முதல் தாளில் இருக்கும் தவறான எண், அடுத்தடுத்த தாள்களிலும் அப்படியே இருந்தால், தேர்வு அறையின் இருக்கை வரிசையே கண்முன் வந்துவிடும்.

அமெரிக்காவிலும் முதல் துப்பு இப்படித்தான் கிடைத்தது. 2017 நவம்பரில் ஒரு தரவு ஆய்வாளர் இந்தக் கருத்துகளைக் கணினியைக் கொண்டு பொருள்வாரியாகத் தொகுத்துப் பார்த்தார். மேலோட்டமாகத் தனித்தனியானவை போலத் தோன்றிய 13 லட்சம் கருத்துகள் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை எனத் தெரிந்தது. உத்தி எளியது. ஒரு கடிதத்தைச் சிறுசிறு துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் சில மாற்றுச் சொற்களைக் கொடுத்துவிட வேண்டும். 'குடிமக்களாகிய நாங்கள்' என்பது ஒரு கடிதத்தில், 'என் போன்ற சாமானியர்கள்' என்பது மற்றொன்றில். 'வலியுறுத்துகிறோம்' என்பது இங்கே, 'கேட்டுக்கொள்கிறோம்' என்பது அங்கே. இவ்வாறு 20 இடங்களில் இடத்துக்கு மூன்று மாற்றுகள் இருந்தால், பிறக்கக்கூடிய கடிதங்களின் எண்ணிக்கை 348 கோடியைத் தாண்டும். எழுதியவர் ஒருவரே; 'கையொப்பமிட்டவர்கள்' மட்டும் பல லட்சம் பேர்.

இரண்டாவது துப்பு, நேரம். பியூ ஆய்வு மையம் இந்தக் கருத்துகளை ஆராய்ந்தபோது, 2017 ஜூலை 19 அன்று பிற்பகல் 2 மணி 57 நிமிடம் 15-ஆவது நொடியில் மட்டும் 4,75,482 கருத்துகள் பதிவாகியிருப்பதைக் கண்டது. மொத்தக் கருத்துகளில் வேறெதனுடனும் ஒத்திராத தனித்த வாசகம் கொண்டவை 6 விழுக்காடே. ஏறக்குறைய 57 விழுக்காடு, தற்காலிக மின்னஞ்சல் முகவரியிலிருந்தோ மீண்டும் மீண்டும் பயன்படுத்தப்பட்ட முகவரியிலிருந்தோ வந்தவை.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. அமைப்புகள் தாங்கள் திரட்டிய கருத்துகளை மொத்தமாகப் பதிவேற்ற ஆணையமே வழிசெய்திருந்தது. எனவே ஒரே நொடி, ஒரே வாசகம் என்பவை ஐயத்துக்கு இடம் தருமே தவிர, குற்றத்துக்குச் சான்றாகிவிடா. ஊர்ப் பொதுக் கோரிக்கை மனுவில் நூறு பேர் கையொப்பமிடுகிறார்கள். வாசகம் ஒருவர் எழுதியது என்பதால் அந்த நூறு கையொப்பங்களும் பொய்யாகிவிடுமா? ஆகாது. ஒழுங்குசெய்யப்பட்ட கருத்து வேறு. திருடப்பட்ட பெயரில் வரும் கருத்து வேறு. இந்த வேறுபாட்டை வாசகத்தை மட்டும் படித்துக் கண்டறிய இயலாது. அதற்கு இன்னும் ஆழமாகத் தோண்ட வேண்டும்.

கருத்தின் விலை அரை டாலர்

தோண்டியவர் நியூயார்க் மாநிலத் தலைமை வழக்குரைஞர். கருத்துகளை அனுப்பியவர்கள் யார் என்று கணினி கணினியாகத் தேடிக்கொண்டிருக்காமல், அவற்றை யார் தயாரிக்கச் சொன்னார்கள், யார் பணம் கொடுத்தார்கள், யார் பெற்றுக்கொண்டார்கள் என்று ஒப்பந்தங்களையும் கணக்குகளையும் மின்னஞ்சல்களையும் சட்டப்படி கேட்டுப் பெற்று ஆராய்ந்தது அவருடைய அலுவலகம். 2021 மே மாதம் வெளியான அறிக்கை, 2.2 கோடிக் கருத்துகளில் ஏறத்தாழ 1.8 கோடி பொய்யானவை என்றது.

அவற்றில் 85 லட்சத்துக்கும் அதிகமானவை, நாட்டின் பெரிய அகன்ற அலைவரிசை நிறுவனங்களின் நிதியுதவியுடன் நடந்த பிரசாரத்தின் விளைவு. செலவு 42 லட்சம் டாலர். விதி நீக்கத்துக்கு மக்களிடையே பரவலான ஆதரவு இருப்பது போன்ற தோற்றத்தை ஏற்படுத்துவதே நோக்கம். நிறுவனங்கள் ஓர் அமைப்பிடம் பணம் கொடுத்தன. அந்த அமைப்பு ஆலோசகர்களை அமர்த்தியது. ஆலோசகர்கள், வாடிக்கையாளர் விவரங்களைத் திரட்டி விற்கும் நிறுவனங்களிடம் வேலையை ஒப்படைத்தனர். அவற்றுள் சில துணை ஒப்பந்தக்காரர்களிடம் தள்ளிவிட்டன. பரிசுக் கூப்பன், குலுக்கல் பரிசு என்று ஆசைகாட்டி மக்களை ஒரு படிவத்துக்கு அழைத்து, அங்கே அவர்களின் ஒப்புதலைப் பெறுவதுதான் ஏட்டளவில் இருந்த திட்டம். நடைமுறையில் அந்தச் சிரமத்தைக்கூட அவர்கள் மேற்கொள்ளவில்லை. பழைய பட்டியல்களில் இருந்த பெயர்களையும் முகவரிகளையும் எடுத்து நிரப்பிவிட்டனர். ஒரு நிறுவனம் பயன்படுத்திய விவரங்கள், முன்பு இணையத்தில் கசிந்த திருட்டுத் தரவுகளிலிருந்து வந்தவை.

சங்கிலியின் மேல்நுனியில் இருந்த பெருநிறுவனங்கள் இந்த மோசடியை நேரடியாக அறிந்திருந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை என்றும், ஆனால் கண்ணெதிரே தெரிந்த எச்சரிக்கை அறிகுறிகளை அவற்றின் பிரசாரத்தை நடத்தியவர்கள் பொருட்படுத்தவில்லை என்றும் அறிக்கை கூறியது. தண்டம் கட்டியவை கீழ்நிலை நிறுவனங்களே. 2021-இல் மூன்று நிறுவனங்கள் சேர்ந்து 44 லட்சம் டாலருக்கு மேல் செலுத்தின. 2023-இல் மேலும் மூன்று நிறுவனங்கள் 6.15 லட்சம் டாலர் செலுத்த உடன்பட்டன.

மறுதரப்பும் தூய்மையானதாக இல்லை. விதி நீடிக்க வேண்டும் என்ற தரப்பில் வந்த 90 லட்சத்துக்கும் அதிகமான பொய்க் கருத்துகளில் 77 லட்சத்தை அனுப்பியவர் ஒரே ஒருவர். 19 வயதுக் கல்லூரி மாணவர். தானியங்கி மென்பொருளின் துணையோடு, கற்பனைப் பெயர்களையும் முகவரிகளையும் உருவாக்கித் தனியொருவராக அவர் இதைச் செய்து முடித்தார்.

பொருளாதாரம் பயின்றவனின் கண்ணுக்கு இந்த எண்கள் ஒரு விலைப்பட்டியலாகத் தெரிகின்றன. 42 லட்சம் டாலரை 85 லட்சத்தால் வகுத்தால், ஒரு குடிமகனின் பெயரில் ஒரு கருத்தின் விலை சுமார் அரை டாலர். மாணவரின் கணக்கிலோ அது ஏறத்தாழச் சுழியம். உண்மையான குடிமகன் ஒருவன் வரைவு விதியைத் தேடிப் படித்து, புரிந்துகொண்டு, சிந்தித்து, ஒரு பக்கம் எழுத இரண்டு மாலைப்பொழுதுகளாவது ஆகும். அரை டாலர் சரக்கும் இரண்டு மாலைகளின் உழைப்பும் ஒரே தட்டில் வைத்து எண்ணப்படும்போது எது சந்தையை நிரப்பும் என்று சொல்லத் தேவையில்லை.

பொருளியல் அறிஞர் ஜார்ஜ் அகெர்லாஃப் 1970-இல் பழைய கார்ச் சந்தையை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை விளக்கினார். நல்ல வண்டி எது, பழுதான வண்டி எது என்று வாங்குபவருக்குத் தெரியாவிட்டால், எல்லா வண்டிக்கும் நடுத்தர விலையே கிடைக்கும். நல்ல வண்டி வைத்திருப்பவர் சந்தையை விட்டு விலகுவார். இறுதியில் பழுதானவை மட்டுமே மிஞ்சும். கருத்துச் சந்தையிலும் அதுவே நிகழ்கிறது. அமெரிக்காவின் அந்தப் பெருவெள்ளத்தில் ஏறத்தாழ 40 லட்சம் உண்மைக் கருத்துகள் இருந்தன. அவற்றை எழுதியவர்கள் அடுத்த முறை எழுதுவார்களா என்பதே உண்மையான இழப்பின் அளவுகோல். ஆணையம் 2017 டிசம்பர் 14 அன்று 3-க்கு 2 என்ற வாக்குகளில் விதியை நீக்கியது. பொய்க் கருத்துகள் முடிவை மாற்றினவா என்ற கேள்வியைக் காட்டிலும், மெய்க் கருத்துகளை எவரும் நம்பாமல் போனது பெரிய கேடு.

கைப்பிடி இருக்கும் இடம்

குப்பை மின்னஞ்சல் வணிகத்தை ஆராய்ந்தவர்களும் இதே முடிவுக்கு வந்தது தற்செயல் அன்று. 2008-இல் கலிபோர்னியாவின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அத்தகைய ஒரு வலைப்பின்னலுக்குள் நுழைந்து கணக்கெடுத்தபோது, சுமார் 35 கோடி மின்னஞ்சல்களுக்கு 28 விற்பனைகளே நடந்ததைக் கண்டனர். அனுப்பும் செலவு அற்பமாக இருப்பதால் இத்தனை சொற்ப விற்பனையும் இந்த வணிகத்துக்குப் போதுமானதாக இருந்தது. அனுப்பும் கணினிகளோ உலகம் முழுவதும் பரவிய, உரிமையாளருக்கே தெரியாமல் கைப்பற்றப்பட்ட கணினிகள். ஒன்றை முடக்கினால் ஒன்று முளைக்கும்.

2011-இல் வெளியான தொடர் ஆய்வு வேறொரு கோணத்தில் பார்த்தது. குப்பை மின்னஞ்சல் வழியே விளம்பரமான மருந்து, போலிச் சரக்கு, மென்பொருள் ஆகியவற்றை ஆய்வாளர்கள் தாங்களே வாங்கிப் பார்த்து, அந்தப் பணம் எங்கே போகிறது என்று பின்தொடர்ந்தனர். இந்த விற்பனையில் 95 விழுக்காட்டின் பணப் பரிமாற்றம் விரல்விட்டு எண்ணத்தக்க சில வங்கிகளின் வழியாகவே நடந்தது. பல்லாயிரம் கணினிகளைத் துரத்துவதைவிட, அந்தச் சில கணக்குகளை மூடுவது எளிது, பயனும் மிகுதி. நச்சைப் பரப்பும் முகங்கள் எண்ணற்றவை. பணம் கைமாறும் இடங்கள் சில. கைப்பிடி அங்கேதான் இருக்கிறது.

ஆனால், அரசுகளுக்கு முதலில் தோன்றும் மருந்து வேறு. 'ஒவ்வொருவரும் உண்மைப் பெயரைப் பதிவுசெய்த பிறகே எழுத வேண்டும்' என்று ஆணையிட்டுவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடும் என்ற எண்ணம் கேட்பதற்கு இனிமையானது. தென்கொரியா அதைச் செய்து பார்த்தது. 2007 முதல், நாளொன்றுக்கு 3 லட்சம் பேருக்கு மேல் வந்துசெல்லும் தளங்களில் கருத்து எழுதுவோரின் அடையாளத்தைச் சரிபார்ப்பது கட்டாயமாயிற்று. 2009-இல் இந்த வரம்பு ஒரு லட்சமாகக் குறைக்கப்பட்டது. விளைவு என்ன? அடையாளங்களைத் திரட்டிச் சேமித்த தளங்கள் திருடர்களுக்குக் கருவூலங்களாயின. 2011 ஜூலையில் ஒரே நிறுவனத்திடமிருந்து 3.5 கோடிப் பயனாளர்களின் விவரங்கள் களவுபோயின. அந்நாட்டின் மக்கள்தொகையே சுமார் 5 கோடிதான். 2012 ஆகஸ்டில் அரசமைப்பு நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ஒருமனதாகச் செல்லாததாக்கியது. சட்டவிரோதப் பதிவுகள் குறிப்பிடத்தக்க அளவு குறைந்ததற்குச் சான்றில்லை என்பதும், மக்கள் வெளிநாட்டுத் தளங்களுக்கு இடம்பெயர்ந்தனர் என்பதும் நீதிமன்றம் சுட்டிக்காட்டியவை.

அதற்குப் பின் நடந்தவை இன்னும் கசப்பானவை. 2012 அதிபர் தேர்தலை ஒட்டி, இணையத்தில் ஒரு தரப்புக்குச் சாதகமான கருத்துகளை ரகசியமாக எழுதிக் குவித்தது அந்நாட்டின் தேசியப் புலனாய்வு அமைப்பே என்பது வெளிப்பட்டது. அதன் அன்றைய தலைவர் வொன் செய்-ஹூனுக்கு விதிக்கப்பட்ட நான்காண்டுச் சிறைத்தண்டனையை 2018-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அதே 2018-இன் தொடக்கத்தில், நேவர் என்ற புகழ்பெற்ற தளத்தில் அரசை எதிர்க்கும் கருத்துகளுக்கு விருப்பக்குறிகள் செயற்கையாகக் கூட்டப்படுவதாக ஆளுங்கட்சி புகார் கொடுத்தது. காவல்துறை தடம் பிடித்துச் சென்றபோது சிக்கியவர்கள் அந்த ஆளுங்கட்சியின் உறுப்பினர்களே. 'ட்ருகிங்' என்ற புனைபெயரில் இயங்கியவரும் அவருடைய கூட்டாளிகளும் முன்பு அந்தக் கட்சிக்கு ஆதரவாகவே மென்பொருள் கொண்டு கருத்துகளை உயர்த்தி வந்தவர்கள். இந்த வழக்கில் அதிபருக்கு நெருக்கமான மாகாண ஆளுநர் கிம் கியோங்-சூ 2021 ஜூலையில் ஈராண்டுத் தண்டனையை எதிர்கொண்டு பதவியிழந்தார்.

நச்சைப் பரப்புவோர் பட்டியலில் அரசும் ஆளுங்கட்சியும் இடம்பெறக் கூடும் எனில், எல்லாக் குடிமக்களின் அடையாளத்தையும் அரசின் கையில் கொடுப்பது நோய்க்கு மருந்தாகுமா என்பதே கொரியா எழுப்பும் கேள்வி.

இந்தியாவின் தடுமாற்றம்

நம் நாட்டிலும் வரைவுச் சட்டங்களை வெளியிட்டுக் குறைந்தது 30 நாள்கள் மக்களின் கருத்தைக் கேட்க வேண்டும் என்ற கொள்கையை மத்திய அரசு 2014 பிப்ரவரியில் வகுத்தது. ஆனால், வந்த கருத்துகளை எப்படிக் கையாள்வது என்பதில் ஒரு தெளிவு இன்னும் பிறக்கவில்லை. நான்கு நிகழ்வுகள் இதனை விளக்கும்.

முதலாவது, 2015 ஏப்ரல். இணையச் சமநிலை குறித்து இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் (டிராய்) கருத்துக் கேட்டபோது 10 லட்சத்துக்கும் அதிகமான மின்னஞ்சல்கள் வந்தன. வெளிப்படைத்தன்மை என்ற பெயரில் அவற்றை அனுப்பியோரின் மின்னஞ்சல் முகவரிகளோடு அப்படியே பொதுவெளியில் வெளியிட்டுவிட்டது ஆணையம். குடிமைக் கடமை ஆற்றியவர்களுக்குக் கிடைத்த பரிசு, விளம்பர மின்னஞ்சல் அனுப்புவோருக்குத் தங்கள் முகவரி இலவசமாகப் போய்ச் சேர்ந்ததுதான்.

இரண்டாவது, அதே ஆண்டின் இறுதி. ஃபேஸ்புக் நிறுவனம் தனது 'ஃப்ரீ பேசிக்ஸ்' திட்டத்துக்கு ஆதரவாகப் பயனாளர்களை ஒரு பொத்தானை அழுத்தச் செய்து லட்சக்கணக்கான மின்னஞ்சல்களை டிராய்க்கு அனுப்ப வைத்தது. அனுப்பியவர்கள் உண்மையான மனிதர்கள். ஆனால், ஆணையம் கேட்ட கேள்விகளுக்கு அந்த வாசகத்தில் பதில் இல்லை. டிராய் எண்ணிக்கைக்கு மயங்கவில்லை. கேட்ட கேள்விக்கு விடை வேண்டும் என்று வலியுறுத்தியது; 2016 பிப்ரவரி 8 அன்று, தரவுக் கட்டணத்தில் பாகுபாடு காட்டுவதைத் தடைசெய்தது. கருத்துக் கேட்பு என்பது தலைகளை எண்ணும் வாக்கெடுப்பு அன்று என்பதை ஓர் இந்திய ஒழுங்குமுறை அமைப்பு தெளிவாக நிலைநாட்டிய தருணம் அது.

மூன்றாவது, 2020. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கையை எதிர்த்து மின்னஞ்சல்கள் குவிந்தபோது, அவற்றை அனுப்ப உதவிய இளைஞர் இயக்கம் ஒன்றின் இணையதளம் முடக்கப்பட்டது. தில்லி காவல்துறை அனுப்பிய அறிவிப்பில் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டமே மேற்கோள் காட்டப்பட்டது. பின்னர் அது தவறுதலாக நேர்ந்தது என்று கூறி அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. அந்த வரைவைத் தமிழ் உள்ளிட்ட அரசமைப்பின் எட்டாவது அட்டவணை மொழிகளில் வெளியிடுமாறு தில்லி உயர் நீதிமன்றம் அதே ஆண்டு ஜூனில் ஆணையிட்டிருந்தது. ஒருபுறம், மக்களின் மொழியில் கேளுங்கள் என்கிறது நீதிமன்றம். மறுபுறம், மக்கள் பேசினால் தாக்குதல் என்கிறது காவல்துறை. தடம் தேடும் அதிகாரம் தவறான கையில், தவறான நோக்கில் இயங்கினால் பொய்யர்களுக்கு முன்பாக மெய்யான குடிமக்களே பிடிபடுவர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நான்காவது, 2025 ஜனவரி. தனிநபர் தரவுப் பாதுகாப்பு விதிகளின் வரைவுக்குக் கருத்துக் கேட்ட மத்திய அமைச்சகம், வரும் கருத்துகளை எவருக்கும் வெளியிடப்போவதில்லை என்று அறிவித்தது. 2015-இல் எல்லாவற்றையும் கொட்டிவிட்ட அரசு இயந்திரம், பத்தாண்டுகளில் எல்லாவற்றையும் பூட்டிவைக்கும் மறுகோடிக்குச் சென்றுவிட்டது. கருத்துகளே வெளிவராவிட்டால், அவற்றுள் எத்தனை மெய், எத்தனை பொய், எந்த நிறுவனம் எதைக் கேட்டது, எது ஏற்கப்பட்டது என்று ஆராய எவராலும் இயலாது. அமெரிக்காவில் பொய்கள் அம்பலமானதற்குக் காரணமே, கருத்துகள் பொதுவெளியில் கிடைத்ததுதான்.

இதற்கிடையே, 2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள், பெரிய செய்திப் பரிமாற்றத் தளங்கள் ஒரு செய்தியை முதலில் அனுப்பியவரை அடையாளம் காட்டும் வசதியைக் கொண்டிருக்க வேண்டும் என்கின்றன. அதனை எதிர்த்து வாட்ஸ்அப் நிறுவனம் அதே ஆண்டு மே மாதம் தில்லி உயர் நீதிமன்றத்தை அணுகியது. ஒரு குற்றவாளியைப் பிடிக்க வேண்டுமானால், கோடிக்கணக்கானோரின் ஒவ்வொரு செய்தியிலும் அடையாளக் குறியிட வேண்டும் என்பதே இந்த வாதத்தின் உள்ளடக்கம். தெருவில் ஒரு திருட்டு நடந்ததற்காக ஊரார் அனைவரின் கைரேகையையும் நிரந்தரமாக எடுத்துவைப்பதைப் போன்றது இது.

செய்யக்கூடியவை

செயற்கை நுண்ணறிவு வந்த பின் சிக்கல் இன்னும் கூர்மையடைந்திருக்கிறது. 2019-இல் அமெரிக்காவின் ஐடஹோ மாநில மருத்துவ உதவித் திட்டம் குறித்த கருத்துக் கேட்பில், ஹார்வர்டு மாணவர் ஒருவர் அன்றைய மொழி மென்பொருளைக் கொண்டு 1,001 கருத்துகளை உருவாக்கி ஆய்வு நோக்கில் அனுப்பினார். வந்த மொத்தக் கருத்துகளில் அவை பாதிக்கும் மேல். அவற்றை மனிதர்கள் எழுதியவற்றிலிருந்து பிரித்தறியப் பரிசோதனையில் பங்கேற்றவர்களால் இயலவில்லை. பின்னர் அவரே அதிகாரிகளிடம் உண்மையைக் கூறி அவற்றைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். இன்றைய மென்பொருள்களோ பன்மடங்கு திறன் வாய்ந்தவை. 'ஒரே பிழை' என்ற விடைத்தாள் உத்தி இனிப் பலிக்காது; ஒவ்வொரு விடைத்தாளும் வெவ்வேறு கையெழுத்தில், வெவ்வேறு பிழைகளோடு வரும்.

அப்படியானால் வழி என்ன? மேற்கண்ட அனுபவங்களிலிருந்து நான்கு படிப்பினைகளை வகுக்கலாம்.

முதலாவதாக, கருத்தின் வாசகத்தை வெளியிட வேண்டும். தனிநபரின் மின்னஞ்சலையும் கைப்பேசி எண்ணையும் மறைக்க வேண்டும். நிறுவனங்களும் சங்கங்களும் அனுப்புபவை முழு விவரங்களோடு வெளியாக வேண்டும். 2015-இன் கொட்டலுக்கும் 2025-இன் பூட்டுக்கும் இடைப்பட்ட நேர்வழி இது.

இரண்டாவதாக, ஒருவரின் பெயரில் கருத்துப் பதிவானால் அவருக்கு ஓர் அறிவிப்பு செல்ல வேண்டும். நம் வங்கிக் கணக்கில் நூறு ரூபாய் எடுத்தாலும் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வருகிறதல்லவா? 'இது நான் எழுதியதன்று' என்று மறுக்கும் வாய்ப்பு பெயருக்கு உரியவருக்கு இருந்தால், திருட்டு முதல் நாளிலேயே வெளிப்படும். சரிபார்த்த பின் அந்த எண்ணைச் சேமித்துவைக்கத் தேவையில்லை. கொரியாவின் கருவூலத் தவற்றை நாமும் செய்ய வேண்டியதில்லை.

மூன்றாவதாக, பணம் கொடுத்துக் கருத்துத் திரட்டும் எவரும், யாருக்காக, எவ்வளவு செலவில் என்பதை அறிவிக்க வேண்டும். பிறர் பெயரைத் திருடிப் பயன்படுத்தினால் துணை ஒப்பந்தக்காரரோடு பொறுப்பு நின்றுவிடக் கூடாது. வேலையை ஒப்படைத்தவர் வரை அது ஏற வேண்டும். 'எனக்குத் தெரியாது' என்பது மேல்நுனியில் இருப்பவருக்குக் கேடயமாகும் வரை, கீழ்நுனியில் ஆள் கிடைத்துக்கொண்டே இருப்பார். இணைய வணிகத்தின் போலி மதிப்புரைகள் விஷயத்தில் அமெரிக்க வணிக ஆணையம் 2024-இல் கொண்டுவந்த விதி, அவற்றை விற்போரோடு வாங்குவோரையும் தண்டனைக்கு உள்ளாக்குகிறது. நம் இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022-இல் மதிப்புரைகளுக்கு வகுத்த தரமோ விருப்பத்தின் பேரில் பின்பற்றத்தக்கதாக அறிமுகமானது. குக்கர் வாங்குபவரை ஏமாற்றும் மதிப்புரைக்குக் காட்டும் அக்கறையையேனும், சட்டம் இயற்றுபவரை ஏமாற்றும் கருத்துக்குக் காட்ட வேண்டாமா?

நான்காவதும் முதன்மையானதும், எண்ணிக்கைக்கு மதிப்பளிப்பதை அரசு கைவிட வேண்டும் என்பது. ஒரு கோடிப் பேர் ஒரே வாதத்தைச் சொன்னாலும் அது ஒரு வாதமே. ஒருவர் மட்டும் சொன்ன வாதத்திலும் உண்மை இருக்கலாம். வந்த வாதங்கள் எவை, அவற்றுள் ஏற்றவை எவை, மறுத்தவை எவை, ஏன் என்று காரணங்களோடு பதில் வெளியிடுவதைக் கட்டாயமாக்கினால், பொய்க் கருத்துகளைக் குவிப்பதில் யாருக்கும் ஆதாயம் இராது. ஆதாயம் இல்லாத சரக்கை எவரும் உற்பத்தி செய்வதில்லை.

கள்ள ஓட்டைத் தடுக்க நம் தேர்தல் முறை வாக்காளரின் விரலில் மை வைத்தது. அவர் யாருக்கு வாக்களித்தார் என்று பார்க்கவில்லை. அடையாளமும் ரகசியமும் ஒன்றையொன்று அழிக்காமல் வாழ முடியும் என்பதை இந்த நாட்டின் கோடிக்கணக்கான ஏழை எளிய வாக்காளர்கள் எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக மெய்ப்பித்து வருகிறார்கள். கருத்து மன்றத்துக்கும் அத்தகைய ஒரு மை தேவைப்படுகிறது. காலமான தன் தாயின் பெயரை ஒரு பொய்ப் பட்டியலில் கண்டு திடுக்கிட்ட மகனின் நிலை, நாளை நம் வீட்டிலும் நேரக் கூடும். அதற்கு முன் அந்த மையைக் குழைத்து வைப்பது அரசின் கடமை. அதனைக் கேட்டுப் பெறுவது நம் கடமை.